ஏற்காடு எஸ்டேட் பெண்களின் படிப்பும் பயணமும்: வாய்மொழி வரலாறு பதிவது எப்படி

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடம்பெயர்ந்த காரணத்துக்கு ஒரு கட்டம் உண்டு. பெண்ணென்றால் அதில் பெரும்பாலும் 'திருமணம்' என்றுதான் விழும். கட்டிக்கொண்டு வந்த கையோடு காப்பித் தோட்டத்தில் கூலிக்கு இறங்கியது அதில் தெரியாது. எனவே பேட்டியை "ஏன் ஏற்காட்டுக்கு வந்தீங்க?" என்று தொடங்காதீர்கள், அதே ஒற்றைச் சொல்தான் திரும்பி வரும். "பொறந்ததுல இருந்து எந்தெந்த வீட்ல இருந்தீங்க, ஆயா?" என்று கேளுங்கள். வீட்டுக்கு ஒரு வரி: யாரோடு, என்ன வேலை, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், எந்த வகுப்பில் படிப்பு நின்றது, அப்போது வீட்டில் கைக்குழந்தை இருந்ததா. கடைசிக் கேள்வியை விடவே கூடாது. தம்பி தங்கையைத் தூக்கி வைத்துக்கொள்ள நின்ற படிப்பை யாரும் தானாகச் சொல்வதில்லை.

படிப்பையும் பயணத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஊர்விட்டு ஊர் போவதில் படிப்புக்கும் பங்குண்டு, அமெரிக்காவையே பாருங்கள். 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவர் அமெரிக்கத் தென்மாநிலங்களை விட்டு வெளியேறினார்கள். கூலியும் இனவெறியும் மட்டுமல்ல, பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி வேண்டும் என்பதும் ஒரு காரணம். அங்குள்ள ராட்கிளிஃப் என்ற பெண்கள் கல்லூரி 1976இல் தொடங்கி 72 கறுப்பினப் பெண்களின் பேட்டிகளைப் பதிந்தது. பொதுவாழ்வில் பெயர் பெற்றவர்களே அதில் அதிகம். இங்கேயும் டீச்சரம்மாவும் நர்ஸம்மாவும்தான் முதலில் கிடைப்பார்கள். அவர்களோடு நின்றுவிட்டால் காப்பிப் பழம் பறித்தவர் விடுபட்டுப்போவார்.

ஆண்டைக் கேட்டால் குழம்புவார்கள். சத்துணவு வந்தபோது (1982), எம்.ஜி.ஆர். இறந்தபோது (1987) மூத்த பிள்ளைக்கு என்ன வயது என்று கேளுங்கள். டி.சி.யையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் ஒப்பிடுங்கள். பிறந்த தேதியை நம்ப வேண்டாம். பள்ளியில் சேர்க்க ஐந்து வயது காட்ட வேண்டும் என்பதற்காக வாத்தியார் போட்டதாக இருக்கலாம். சேர்ந்த, விலகிய தேதிகளே உதவும்.

பழம் பறிக்கும் நவம்பர்–பிப்ரவரியில் போகாதீர்கள், ஓய்ந்து உட்கார நேரமிருக்காது. மேஸ்திரியோடு போனால் கூலிப் பேச்சே வராது. வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் பதிலை அவரே சொல்லிவிடுவார். தகரக் கூரையில் மழை விழுந்தால் பதிவு வீண், நிறுத்திவிடுங்கள். ஒலிப்பதிவுக் கருவியில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ வேவ் (WAV) என்று வைத்துப் பதிந்தால், கோப்பு மணிக்கு அரை ஜிபி பிடிக்கும். ஒரு மணிப் பேச்சை எழுத ஆறேழு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பெயரைப் போடலாமா என்ற சம்மதத்தைப் பேட்டி முடிந்தபின் மறுபடி கேட்டு, அதையும் பதிந்துகொள்ளுங்கள். என்னென்ன சொன்னோம் என்பது அப்போதுதான் அவருக்கே தெரியும்.