அவுட்போர்டு இன்ஜினில் ஆயில் கசிவு: பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

தொண்டிக் கடற்கரையிலிருந்து தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் பழுதுபார்க்க வரும் அவுட்போர்டு இன்ஜின்களை, அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் இன்ஜின்களை, சுமை ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்தால், இறக்கும்போது வண்டித் தளத்தில் எண்ணெய் தேங்கியிருக்கும். அதைப் பார்த்த உடனே சீல் (சுழலும் தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது என்று முடிவு செய்யக் கூடாது. படுத்த நிலையில் கார்புரேட்டரில் மிஞ்சிய கலவையும், புகை வழியில் படிந்த எரியாத ஆயிலும் வெளியே வழிவது இயல்பு. இன்ஜினை ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி, நன்றாகத் துடைத்து உலரவிட்டு, அடியில் வெள்ளை அட்டை விரித்து ஓர் இரவு விட்டுவிட வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்குள் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டி கிடையாது. பெட்ரோலோடு கலந்து உள்ளே போகும் ஆயில் பெரும்பாலும் அதனோடு எரிந்துவிடுகிறது. ஆகவே அட்டையில் விழுந்தது எந்த ஆயில் என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. நீர்த்து, பெட்ரோல் வாடை அடித்தால் அது 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) கலவை. கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் அடிப்பகுதி கியர்பாக்ஸின் ஆயில். இன்ஜினைச் சாய்த்துத் தூக்கும் ஹைட்ராலிக் தூக்கி உள்ள பெரிய இன்ஜின்களில் அதன் எண்ணெயும் கசியக்கூடும்.

மிகவும் அஞ்ச வேண்டியது கியர் ஆயில் கசிவுதான், ஏனென்றால் ஆயில் வெளியேறும் வழியில் உப்புநீர் உள்ளே போய்ப் பேரிங்கையும் பல்சக்கரத்தையும் அரித்துவிடும். இன்ஜின் இரவு முழுவதும் நிமிர்ந்து நின்ற பின் கீழ் டிரெயின் போல்ட்டைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது என்பதால், உள்ளே புகுந்திருந்தால் அதுவே முதலில் வரும். ஓடும்போது கலந்துவிட்டிருந்தால் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் இருக்கும்.

அடுத்ததாக, பிளக் வயர்களைக் கழற்றிவிட்டுப் புரொப்பெல்லரை எடுத்துப் பாருங்கள். கடலில் மிதக்கும் தங்கூசி நரம்பு (மீன்பிடி நைலான் இழை) அதன் பின்புறம் தண்டில் சுற்றிக்கொண்டு, சீலின் உதட்டை அறுத்திருக்கும். இந்தக் கசிவுக்கு அடிக்கடி காரணமாவது இதுதான். நரம்பை எடுத்தபின் தண்டை நகத்தால் தடவிப் பார்க்கும்போது பள்ளம் தட்டுப்பட்டால், அதன்மேல் புதுச் சீல் போட்டாலும் நிற்காது. பழைய சீல்கள் எந்தப் பக்கம் பார்த்து அமர்ந்திருந்தன என்பதைக் கழற்றுவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். தலைகீழாகப் போட்ட சீல் போடாததற்குச் சமம்.

சந்தேகம் தீராவிட்டால், ஆயிலை வடித்துவிட்டு, கேஜ் உள்ள கைப்பம்பினால் கியர்பாக்ஸுக்குள் 10 பிஎஸ்ஐ அளவுக்குக் காற்று ஏற்றிச் சோப்புநீர் தடவினால் கசியும் இடத்தில் குமிழ் வரும். டயர்க் கடைக் கம்ப்ரசரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அந்த அழுத்தம் நல்ல சீலையும் தள்ளிவிடும்.

ஆயில் நிரப்பும்போது கீழ்த் துளை வழியாகவே ஏற்றி, மேல் துளையில் குமிழின்றி வழிந்ததும் முதலில் மேல் போல்ட்டையும் பிறகு கீழ் போல்ட்டையும் மூட வேண்டும். இரண்டு வாஷர்களையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். சில ரூபாய் வாஷரை மிச்சப்படுத்தப் போய்க் கியர்பாக்ஸை இழப்பது உண்மையிலேயே வருத்தத்துக்குரியது.

2டி கலவை கசிந்தால் கார்புரேட்டர் மிதவை, பெட்ரோல் பம்பின் டயாபிரம், ஹோஸ் இணைப்புகள் ஆகியவற்றை இதே வரிசையில் பாருங்கள். தனி ஆயில் தொட்டி இருந்தால் அதன் குழாய்களையும் சேர்த்துப் பாருங்கள். கலவை விகிதத்தையும் விசாரிப்பது நல்லது: பல இன்ஜின்களுக்கு 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி போதும். பயந்துகொண்டு கூடுதலாக ஊற்றுவதும், நெடுநேரம் மெதுவாக ஓட்டுவதும் எரியாத ஆயிலைப் புகை வழியே வடியச் செய்யும். அதற்கு எந்தச் சீலையும் மாற்றத் தேவையில்லை.

வடித்த ஆயிலைக் கேனில் சேர்த்துப் பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். மழைநீர் ஊருணிக்குப் போகும் வாய்க்காலில் ஒரு சொட்டும் விழக் கூடாது. வேலை முடிந்தபின் இன்ஜினைத் தண்ணீர் டிரம்மில் ஓட்டி, மீண்டும் ஓர் இரவு அட்டையின் மேல் நிறுத்திப் பார்த்த பிறகே படகுக்கு அனுப்புங்கள்.