வீடியோ அழைப்பில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறீர்களா?

ஆளுக்கொரு பாத்திரமாக நடித்துக் கதையை நகர்த்தும் இந்த விளையாட்டை மேசையைச் சுற்றி ஆறு பேர் ஆடலாம். வீடியோ அழைப்பில் நான்கு பேர்தான் சரி. இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரைச்சல் வடிகட்டி ஒரு குரலை விழுங்கிவிடும். அதனால் "யார் என்ன செய்யப் போறீங்க?" என்று பொதுவாகக் கேட்காமல், பாத்திரத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். சண்டை தொடங்கியதும் இனிஷியேட்டிவ் வரிசையை (யார் முதலில், யார் அடுத்து என்ற முறையை) சாட்டில் ஒட்டிவிட்டு, "இப்போ மந்திரவாதி, அடுத்து திருடன்" என்று இருவரையும் சேர்த்தே அழையுங்கள். அடுத்தவர் யோசித்துத் தயாராக இருப்பார். ஆட்டத்தின் வேகத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

எல்லோருக்கும் ஹெட்போன் கட்டாயம். ஒருவர் ஸ்பீக்கரில் கேட்டாலே மற்றவர்களுக்கு எதிரொலி அடிக்கும்.

ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் நின்றுவிடும்; டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் அந்தத் தொல்லை இல்லை.

வரைபடத்துக்கு ரோல்20 என்ற இணையதளம் போதும். அதில் ஒரு கட்டம் 70 பிக்சல், ஆட்டத்தில் 5 அடி. 20×15 கட்ட வரைபடத்தை 1400×1050 அளவில் ஏற்றினால் கோடுகள் பிசகாமல் பொருந்தும். மிகப் பெரிய படம் பழைய மடிக்கணினிகளைத் திணறடிக்கலாம். வீரர்கள் உள்ளே வருமுன் திறக்காத அறைகளை மூடுபனியால் (வரைபடத்தின் ஒரு பகுதியை மறைக்கும் வசதி) மறைத்துவிடுங்கள். பிறகு மறைத்தால் பதுங்கியிருக்கும் அரக்கனை எல்லோரும் பார்த்திருப்பார்கள்.