காருக்குள் ஒரு படம்: தெஹ்ரான் செய்முறை

ஈரானில் படம் எடுக்கப் பண்பாடு மற்றும் இஸ்லாமிய வழிகாட்டல் அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். எடுத்ததைத் திரையிட இன்னொரு அனுமதி. 2010 டிசம்பரில் இயக்குநர் ஜாஃபர் பனாஹிக்கு 6 ஆண்டுச் சிறையும் 20 ஆண்டுப் படத் தடையும் விதித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. தெஹ்ரான் தெருக்களில் தானே டாக்ஸி ஓட்டி எடுத்த படம் 2015இல் பெர்லின் திரைப்பட விழாவின் உயர்ந்த பரிசான தங்கக் கரடியை வாங்கியது. இதை வீரம் என்று பாராட்டுகிறோம், சரிதான். அந்த வீரத்துக்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பது அதே மாதிரி ஒரு படம் எடுக்க உட்கார்ந்தால்தான் தெரியும்.

முதலில் கதையைத் துண்டு போடுங்கள். இன்னொரு ஈரானிய இயக்குநரான முகமது ரசூலோஃப் 2020இல் தங்கக் கரடி வாங்கிய படத்தில் நான்கு கதைகள். குறும்படங்களுக்குக் கெடுபிடி குறைவு என்பதால் தனித்தனிக் குறும்படங்களாகக் காட்டியே எடுத்தார். ஒரு துண்டு பறிபோனாலும் மற்றவை தனியாக நிற்கும்படி எழுதுவது நல்லது. நடிகருக்கு அவருடைய பக்கங்களை மட்டும் கொடுங்கள். விசாரணையில் தெரியாததை யாராலும் சொல்ல முடியாது.

கேமரா மூன்று போதும்: ஓட்டுநரைப் பார்த்து ஒன்று, பக்கத்து இருக்கைக்கு ஒன்று, பின்சீட்டுக்கு ஒன்று. டிஷ்யூ பெட்டிக்குள் அடங்கும் அளவில் இருக்கட்டும். மூன்றிலும் நொடிக்கு 25 பிரேம், ஒரே ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்பாடு). எக்ஸ்போஷரை (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை) முகத்துக்கு வைத்துப் பூட்டிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் கார் ஒவ்வொரு மரநிழலைக் கடக்கும்போதும் முகம் இருண்டு வெளுக்கும், எடிட்டிங்கில் ஒட்டாது. டாஷ்போர்டின் பிம்பம் முன்கண்ணாடியில் விழும்; மேலே கறுப்புத் துணி விரித்தால் போய்விடும். உச்சி வெயிலில் எடுக்காதீர்கள். ஜன்னல் வெள்ளையாக எரியும், கண்ணாடியை ஒட்டிய கேமரா சூடேறித் தானே அணையும்.

ஒலியில்தான் பலர் சறுக்குகிறார்கள். ரெக்கார்டரைக் காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் செருகினால் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு கீச்சொலி பதிவாகும். அதற்குத் தனி பேட்டரி கொடுங்கள். ஏசி விசிறியை நிறுத்துங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை. படத்தையும் ஒலியையும் பிறகு பொருத்த, ஒவ்வொரு ஷாட் தொடக்கத்திலும் ஒரு கைதட்டல்.

நொடிக்கு 50 மெகாபிட்டில் பதிந்தால் ஒரு கேமராவுக்கு மணிக்கு 22.5 ஜிபி. மூன்றுக்கு 67.5. நான்கு மணி நேரம் எடுத்தால் ஒரே நாளில் 270 ஜிபி. அன்றிரவே இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, இரண்டையும் வேறு வேறு வீடுகளில் வையுங்கள். இரண்டு நகலையும் திறந்து பார்க்கும்வரை மெமரி கார்டை அழிக்கக் கூடாது. களைத்துப்போன இரவில் இந்த ஒன்றைத்தான் தவற விடுவார்கள்.

பனாஹியின் 2011 படம் கேக்குக்குள் மறைத்த பென் டிரைவில் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவுக்குப் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. கேக்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், பென் டிரைவின் ஃபார்மட்டை (கோப்புகளைச் சேமிக்கும் முறையை) யாரும் கேட்பதில்லை! 82 நிமிடம் ஓடும் ஒரு படம் நொடிக்கு 10 மெகாபிட்டில் சுமார் 6 ஜிபி. ஃபேட்32 ஃபார்மட்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது, நகல் பாதியில் நின்றுவிடும். பெரிய கோப்பையும் ஏற்கும் எக்ஸ்ஃபேட் ஃபார்மட்டுக்கு மாற்றி, கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். பென் டிரைவைக் கொண்டுபோகும் ஆளிடமே கடவுச்சொல்லும் போகக் கூடாது.

கடைசியில் பெயர்ப் பட்டியல். டாக்ஸி படத்தில் அது இல்லை. 2024 மே மாதம் ரசூலோஃப் மலை வழியாக நடந்தே நாட்டைவிட்டு வெளியேறினார். அவருடன் வேலை செய்த பலர் உள்ளேயே இருந்தார்கள், விசாரணைக்கும் போனார்கள். அதனால் ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை கேளுங்கள்: படப்பிடிப்புக்கு முன் ஒரு முறை, படத்தை வெளியே அனுப்புவதற்கு முந்தைய நாள் இன்னொரு முறை. இரண்டாவது முறை தயங்கினால் பெயரை எடுத்துவிடுங்கள். திரையில் முகம் வருகிறவர் தயங்கினால் அந்தக் காட்சியையும்.