இன்ஜினை மாற்றும் முன் டிக்கி கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்

போன சித்திரையில் என் சித்தப்பா மகன் பழைய பி.எம்.டபிள்யூ. 330சிஐ ஒன்றை வாங்கித் தாழையூத்து ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினான். இ46 என்கிற தலைமுறை பாடி, இரண்டு கதவு, எத்தனை கை மாறியதோ தெரியாது. "அண்ணே, இதுல 2ஜேஇசட் இறக்கி டிரிஃப்ட் பண்ணப் போறேன், பின் சக்கரத்தை வழுக்கவிட்டுக் கோணலா ஓட்டுறது. ஒரு எட்டு வந்து பாருங்க" என்றான்.

2ஜேஇசட் என்பது டொயோட்டா சுப்ராவில் வந்த ஆறு சிலிண்டர் இன்ஜின். அந்தப் பேரைக் கேட்டாலே பையன்களுக்குக் கிறக்கம். இவன் விலை பேசி அட்வான்சும் கொடுத்திருந்தது டர்போ இல்லாத ஜிஇ ரகம். மூன்று லிட்டர், சுமார் 220 குதிரைத்திறன். வண்டியில் ஏற்கெனவே கிடக்கும் பி.எம்.டபிள்யூ. இன்ஜினான எம்54-ம் மூன்று லிட்டர்தான், 231 குதிரைத்திறன். போதாததற்கு இது அலுமினிய பிளாக், அது வார்ப்பிரும்பு. ஆக, காசு கொடுத்து வண்டியின் மூக்கில் கனம் ஏற்றுகிற வேலை. டர்போ அழுத்தத்தைத் தாங்கும் அந்த இரும்பு பிளாக்தான் 2ஜேஇசட்டின் பெருமை. டர்போ வைக்கிற எண்ணமே இல்லாதவனுக்கு அது எதற்கு? பழகுகிற ஆளுக்கு 200 குதிரை தாராளம்.

"சரி, மொதல்ல டிக்கி கார்பெட்டைத் தூக்குலே" என்றேன். முழித்தான்.

இ46-க்கு ஒரு பரம்பரை வியாதி உண்டு. பின் சக்கர அமைப்பைத் தாங்கும் சப்ஃபிரேம் தரைத் தகட்டோடு சேரும் இடங்களில் தகடு கிழியும், ஸ்பாட் வெல்டு விடும். கிளட்சை உதைத்துப் பின் சக்கரத்தை வழுக்கவிடும் ஒவ்வொரு தடவையும், பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியல் அந்த இடத்தைத்தான் முறுக்கும். மேலே ஒன்றும் தெரியவில்லை. ஸ்டாண்டில் ஏற்றிக் கீழே படுத்துப் பார்த்தோம். சப்ஃபிரேம் மாட்டும் ஒரு மவுன்டைச் சுற்றி மட்டும் கறுப்புக் கோட்டிங் புதுசாக, தடியாக அப்பியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். உள்ளே மயிரிழைபோல ஒரு கோடு. விரலை ஓட்டினால் நகம் மாட்டியது. இரண்டு அங்குலம் இருக்கும். விற்றவர் இதைச் சொல்லவில்லை. கோட்டிங் அடித்ததையும் சொல்லவில்லை.

இதன் மேல் கூடுதல் பவரை ஏற்றினால் தரை பிய்ந்து வரும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வைத்துவிட்டு, விரிசல் முனையில் துளை போட்டு நிறுத்தி, வெல்டு வைத்து, மேலே பட்டைத் தகடு கொடுத்து, புது ரப்பர் புஷ் போட வேண்டும். இன்ஜினுக்கு எடுத்து வைத்த பணத்தில் முதல் செலவு இதுதான். அடுத்தது பின் சக்கரம் இரண்டையும் சேர்த்துச் சுழல வைக்கும் எல்.எஸ்.டி. டிஃப்ரன்ஷியல், பக்கெட் சீட், தீயணைப்பான்.

அதற்குப் பிறகும் இன்ஜின் மாற்றித்தான் ஆவேன் என்கிறவர்களுக்கு: இன்ஜினை மட்டும் தனியாக வாங்காதீர்கள். கியர்பாக்ஸ், வயரிங், இன்ஜின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ., சென்சார் எல்லாம் சேர்த்து ஒரே வண்டியிலிருந்து வந்ததாக இருக்கட்டும். சிலிண்டருக்குள் கம்ப்ரஷன் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்காமல் காசை எண்ணாதீர்கள். இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் சம்பின் குழி முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பாருங்கள். வண்டியின் குறுக்குச் சட்டமான கிராஸ்மெம்பரில் இடித்தால் இன்ஜின் உட்காராது. சம்புக்குள் தடுப்புத் தகடும் வேண்டும். வண்டி பக்கவாட்டில் போகும்போது ஆயில் ஒரு ஓரமாக ஒதுங்கிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் போய்விடும்.

சூட்டைப் பற்றி நம் ஊர்க்காரனுக்குச் சொல்லவா வேண்டும்? ஆனால் டிரிஃப்டில் கதை வேறு. ஆர்.பி.எம். உச்சத்தில் நிற்கும், வண்டியோ மெதுவாக, அதுவும் கோணலாகப் போகும். ரேடியேட்டருக்கு நேர்க் காற்றே கிடைக்காது. பெரிய ரேடியேட்டர் வாங்கி, ரேடியேட்டரை மூடி நிற்கும் ஷ்ரவுட் கூடு இல்லாமல் ஃபேனை வெறுமனே கட்டுகிறார்கள். அந்த ஃபேன் தன் வட்டத்துக்குள் வரும் காற்றை மட்டும்தான் இழுக்கும். போர் தண்ணீர் ஊற்றுவது இன்னொரு கொடுமை. நம் பக்கத்து உப்புத் தண்ணீர் குடத்திலேயே வெள்ளை படிய விடுகிறது, ரேடியேட்டர் டியூபை விடுமா? டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும்தான்.

வயரிங்கில் நான் பட்டதைச் சொல்கிறேன். முன்பு ஒரு கான்டசாவுக்கு வேறு இன்ஜின் ஏற்றினேன். சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகும். பேட்டரி மாற்றினேன், ஸ்டார்ட்டரைப் பிரித்தேன், நாலு நாள் போனது. கடைசியில் ஆக்சிலரேட்டர் கேபிளிலிருந்து புகை வந்தது. இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே எர்த் பட்டையை மாட்ட மறந்திருக்கிறேன்! ஸ்டார்ட்டர் இழுத்த கரண்ட் அத்தனையும் அந்த மெல்லிய கேபிள் வழியாகப் போயிருக்கிறது. எட்டணாப் பட்டை.

காகித விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக இன்ஜினை மாற்றிச் சாலையில் ஓட்ட முடியாது. 182ஏ பிரிவில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்தென்றால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்கலாம். நாற்கரச் சாலை சர்வீஸ் ரோட்டில் ராத்திரி வட்டம் போடுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே என்று டிராக் இருக்கிறது. ரெக்கவரி வேனில் ஏற்றிக்கொண்டு போய் வரும் வாடகையையும், கரையும் டயரையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தம்பி கொடுத்த அட்வான்ஸ் இன்னும் திரும்பவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குப் போனேன். வண்டிக்கு அடியில் அவன் கால் இரண்டும்தான் தெரிந்தன. சுரண்டுகிற சத்தம் நின்றது.

"அண்ணே, இந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கு."