மழைமானியில் தொடங்குங்கள்: நீலகிரி உள்ளாட்சிப் பணியாளர்களுக்குக் காலநிலைப் பயிற்சி

பனிக்கரடிப் படத்தோடு வகுப்பைத் தொடங்கினால் பதினோரு மணிக்குள் பாதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள். எத்தனை செ.மீ. மழைக்குத் தங்கள் வார்டில் எந்த இடம் சரியும், அப்போது யார் என்ன செய்வது என்பதுதான் அவர்களுக்கு வேண்டும்.

தேதியிலேயே பலர் தவறுகிறார்கள். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை அடிக்கும். அங்கே மார்ச்சில் நடத்துங்கள். மே மாதச் சுற்றுலா சீசனில் யாரும் வர முடியாது. குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் ஆபத்து, செப்டம்பர் சரி. 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தது நீலகிரியின் இந்தக் கிழக்குப் பக்கத்தில்தான்.

25 பேர் போதும். ஊராட்சிச் செயலரோடு தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரும் தூய்மைப் பணி மேற்பார்வையாளரும் கட்டாயம் இருக்கட்டும். எந்தக் கால்வாய் எங்கே அடைக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

காலையில் ஆளுக்கொரு மழைமானி செய்ய வையுங்கள். வாய் 20 செ.மீ. விட்டமுள்ள புனல், 10 லிட்டர் கேன், அளவுக்குவளை. பெயின்ட் வாளி வேண்டாம். அடி குறுகலாக இருப்பதால் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் மழை கூடுதலாகக் காட்டும். இந்தப் புனலில் 31.4 மி.லி. சேர்ந்தால் 1 மி.மீ. மழை. 314 மி.லி. தண்ணீரை ஊற்றி அளக்கச் சொல்லுங்கள், 10 மி.மீ. என்று விடை வர வேண்டும். கேன் சுமார் 31 செ.மீ. வரை தாங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அது இரண்டரை கேன். எனவே கனமழை நாளில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து கொட்ட வேண்டும். பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால், அது புனல் வாய்க்கு மேல் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரு மடங்கு தள்ளி வைக்க வேண்டும்.

அளப்பது காலை 8.30க்கு. அதை அன்றைய தேதியில்தான் எழுத வேண்டும். 'நேற்றுப் பெய்த மழைதானே' என்று முந்தைய தேதியில் எழுதிவிட்டால் வானிலைத் துறைக் கணக்கோடு ஒட்டவே ஒட்டாது.

மதியம் ஒரு கிலோமீட்டர் நடை. ஒரு ஏக்கரில் 10 செ.மீ. பெய்தால் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர். காங்கிரீட் போட்ட இடமானால் பெரும்பகுதி உடனே கீழே பாயும். அந்தக் கணக்கைச் சிறுபாலத்தின் வாயில் நின்று சொல்லுங்கள். தடுப்புச் சுவருக்கு வந்ததும் தண்ணீர் கசிய விட்ட குழாய்களில் குச்சியை நுழைத்துப் பாருங்கள். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பாமல் வெறும் மண்ணைத் தள்ளியிருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். தேங்கும் தண்ணீரின் பாரம் சுவரையே சாய்த்துவிடும். சரிவில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கும் ஊற்று, மூட வராத வீட்டுக் கதவு: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் 1077க்குச் சொல்ல வேண்டும்.

கடைசி ஒரு மணி நேரம் ஒரு தாள் நிரப்ப. ஒரு நாளில் 6.5 செ.மீ. தாண்டினால் கனமழை: சிறுபாலங்களைப் பார்ப்பது யார்? 11.5 தாண்டினால் மிகக் கனமழை: சரிவுக்குக் கீழுள்ள வீடுகளுக்குப் போவது யார்? 20.4 தாண்டினால் அதிகனமழை: முகாம் சாவி யாரிடம்? பதவி போதாது, பெயரும் போன் எண்ணும் வேண்டும். மூன்று நாள் கூட்டுத்தொகைக்கும் ஒரு கட்டம் போடுங்கள். மண் ஊறிக் கிடக்கும்போது குறைந்த மழைக்கே சரியும். தாளை பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். இந்த ஈரத்தில் ஜெல் பேனா மை நிற்காது.