முட்டிவலியிலிருந்து மீண்டும் சைக்கிளுக்கு: கடற்கரைக் காற்றில் ஓட்டுபவர்களுக்கான செய்முறை

ராமநாதபுரம் கடற்கரையில் மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை ரோடு தட்டையாகத்தான் கிடக்கிறது. அப்படியும் முட்டிவலி வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தியவர்கள் இங்கே ஏராளம். காரணம் காற்று. காற்று ஓய்ந்த விடியலில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் உடம்பில் மோதும் காற்றின் வேகமும் 15தான். எதிரே 20 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் அது 35 ஆகிவிடும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதனால் அதே வேகத்தைப் பிடிக்க நினைத்தால் தடை ஐந்து மடங்கைத் தாண்டும். அதை மிதித்துச் சமாளிக்கிற பாரத்தில் பெரும்பங்கு முட்டிச் சில்லின் மேல் இறங்குகிறது. நமக்குக் காற்றுதான் மலை என்று முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்வதெல்லாம் அதை ஒட்டித்தான் வரும்.

படி 1: இது வீட்டில் பார்க்கக்கூடிய வலியா?

கீழே விழுந்தபோதோ முட்டி திரும்பியபோதோ ‘டப்’ என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் வீங்கினால் உள்ளே ஜவ்வு கிழிந்திருக்கலாம். நாலு எட்டுக்கூட ஊன்றி நடக்க முடியவில்லை, 90 டிகிரி வரை மடங்கவில்லை, சில்லைத் தொட்டாலே உயிர் போகிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். முட்டி பாதியில் பூட்டிக்கொள்வது, நடக்கும்போது நழுவி விழப் பார்ப்பது, முட்டி சிவந்து சுடுவதோடு காய்ச்சலும் வருவது, கெண்டைக்கால் வீங்கி வலிப்பது: இவற்றில் எதுவானாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு மூட்டுப் பிரிவில் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ஜவ்வு தெரியாது. ‘எக்ஸ்ரே நார்மல்’ என்று வந்த பிறகும் முட்டி நழுவினால் மறுபடி போய் அதைச் சொல்லுங்கள்.

சிராய்ப்பு இருந்தால் குழாய்த் தண்ணீரும் சோப்பும் போட்டு மணல் போகும்வரை கழுவி, டிடி ஊசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஆபரேஷன் ஆனவர்களுக்கு இந்தச் செய்முறை பொருந்தாது. அவர்களுடைய பிசியோதெரபிஸ்ட் சொல்வதுதான் கணக்கு.

படி 2: முதல் மூன்று நாள்

சைக்கிள் வேண்டாம். படுக்கையிலேயே கிடக்கவும் வேண்டாம், வீட்டுக்குள் நடக்கலாம். ஐஸ் வைப்பது வலிக்கு நல்லது. பாம்பன், மண்டபம் பக்கம் இருப்பவர்களுக்கு ஐஸ் கம்பெனியில் நொறுக்கிய ஐஸ் எளிதாகக் கிடைக்கும். அதை பிளாஸ்டிக் பையில் கட்டி, ஈரத்துண்டு சுற்றி, 15 நிமிடம் மட்டும் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை போதும். துண்டில்லாமல் நேராக வைத்தால் தோல் வெந்துபோகும்.

15 சென்டிமீட்டர் அகலமுள்ள கிரேப் பேண்டேஜை கெண்டைக்காலில் தொடங்கி மேல்நோக்கித் தொடை வரை சுற்றுங்கள். விரல்கள் மரத்தாலோ நீலம் பாரித்தாலோ அது இறுக்கம் அதிகம். தூங்கும்போது கழற்றிவிடுங்கள். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால் நீர் வடியும்.

எண்ணெய் போட்டு உருவுவதையும் சுடு ஒத்தடத்தையும் இந்த மூன்று நாளும் தவிர்க்க வேண்டும். புதுக் காயத்தில் இரண்டும் வீக்கத்தைக் கூட்டும். இன்னொன்று: வலி மாத்திரை போட்டுக்கொண்டு சைக்கிள் ஓட்டும் பழக்கம். வலி மறைவதால் மேலும் மிதித்துக் கெடுத்துக்கொள்வது ஒரு பக்கம். இந்த வெயிலில் உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

தரையில் மடக்கி உட்காருவதையும் வலி தீரும்வரை குறைக்க வேண்டும். வலை சரிசெய்பவர்கள் ஸ்டூல் போட்டுக்கொள்ளலாம், தொழுகைக்கு நாற்காலியில் அமரலாம். குந்தி உட்காரும்போது சில்லின் மேல் விழும் அழுத்தம் சைக்கிள் மிதிப்பதைவிடப் பல மடங்கு.

படி 3: வலி எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள்

விழாமலேயே வந்த வலி என்றால் இந்தப் படிதான் முக்கியம். வலிக்கிற இடமே சைக்கிளில் எது தப்பு என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடும்.

முட்டியின் முன்பக்கம், சில்லைச் சுற்றி: சீட் தாழ்ந்திருக்கிறது, அல்லது கனமான கியரில் மிதிக்கிறீர்கள். நம் பக்கத்தில் அதிகம் பார்ப்பது இதுதான்.

முட்டிக்குப் பின்னால், மடிப்பில்: சீட் உயரம் அதிகம். பெடல் அடியில் போகும்போது கால் விறைத்து நீள்கிறது.

வெளிப்பக்கம்: சீட் உயரமாகவோ, பாதம் உள்பக்கம் திரும்பியோ இருக்கலாம். இடுப்பின் பக்கச் சதை பலவீனமானாலும் வரும்.

உள்பக்கம்: பாதத்தை வெளியே திருப்பி மிதிப்பது, அல்லது வளைந்த பெடல். விழுந்த சைக்கிளில் பெடல் அச்சு வளைந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பாதம் ஆடும். பெடலைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

படி 4: சீட்டைச் சரிசெய்தல்

வேண்டியவை: அளவு நாடா, ஒரு தடித்த புத்தகம், சீட் போல்ட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் அல்லது ஆலன் கீ, கிரீஸ், கொஞ்சம் நகப்பூச்சு, நூலில் கட்டிய நட்டு ஒன்று.

சுவரில் முதுகு ஒட்டி வெறுங்காலில் நின்று, புத்தகத்தைக் கவட்டில் இறுக்கி மேலே தூக்கிப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்கச் சொல்லுங்கள். அதை 0.883 ஆல் பெருக்குங்கள். 80 சென்டிமீட்டர் என்றால் 70.6. இரண்டு பெடல் கைகளும் (கிராங்க்) சேர்ந்து சுழலும் அச்சின் நடுவிலிருந்து, சீட் குழாயின் போக்கிலேயே, சீட்டின் மேல்பரப்பு வரை இந்த நீளம் இருக்க வேண்டும். கணக்கு ஒரு தொடக்கம்தான். சரிபார்ப்பது குதிகாலால்: சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்தால் முட்டி 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கும்.

நம்மில் பலர் நின்றால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படும்படி சீட்டை இறக்கி வைக்கிறோம். பயம் இல்லாமல் இருக்கும், முட்டிக்கு அதுதான் எமன். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் இறங்கி நிற்கப் பழகுங்கள். அதிகம் தாழ்ந்திருந்தால் ஒரேயடியாக ஏற்றாமல், 5 மில்லிமீட்டர் ஏற்றி இரண்டு மூன்று நாள் பார்த்து மேலும் ஏற்றுங்கள். சீட் கம்பியில் உள்ள எல்லைக்கோடு வெளியே தெரியும் அளவுக்கு உயர்த்தக் கூடாது.

அடுத்து முன்பின். இரண்டு பெடலும் கிடைமட்டமாக இருக்கும்போது முன்னால் இருக்கும் முட்டிச் சில்லின் கீழிருந்து நூலைத் தொங்கவிட்டால், நட்டு பெடல் அச்சுக்கு நேராக நிற்க வேண்டும். முன்னால் போனால் சீட்டைப் பின்னே தள்ளுங்கள்.

கடைசியாக உப்பு. இங்கே சீட் கம்பியும் கிளாம்பும் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறிய போல்ட் இறுக்கியதுபோல் இருக்கும், ஆனால் பிடிக்காது. சீட் ஒரு மாதத்தில் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியாது, முட்டிக்குத் தெரியும். போல்ட்டுக்கு கிரீஸ் போட்டு இறுக்கி, கம்பி குழாய்க்குள் நுழையும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

படி 5: கனத்தைக் குறைத்தல்

வலது முட்டி 15 நொடியில் எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். 20 வந்தால் நிமிடத்துக்கு 80 சுற்று, அது நல்லது. 12, 13 என்றால் கால் சுற்றவில்லை, அழுத்துகிறது. கியர் சைக்கிளில் இலகு கியருக்கு வாருங்கள். கியர் இல்லாத சாதா சைக்கிளில் பின்பக்க ஃப்ரீவீலின் பல்லை எண்ணுங்கள். 18 பல் இருந்தால் 20 அல்லது 22 பல் மாட்டச் சொல்லுங்கள். 22 மாட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் தேவையான அழுத்தம் கிட்டத்தட்ட 18 சதவீதம் குறையும். செயினில் கண்ணி சேர்க்க வேண்டிவரலாம். டயரில் காற்றையும் பாருங்கள். சீமைக் கருவேல முள் ஏறி மெல்ல இறங்கும் டயரோடு நாள் கணக்கில் மிதிப்பவர்கள் உண்டு.

படி 6: தொடைக்குப் பலம்

வீக்கம் வடியத் தொடங்கியதும் ஆரம்பிக்கலாம். காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முட்டிக்கு அடியில் வைத்து, அதைத் தரையோடு 5 நொடி அழுத்துங்கள், 10 தடவை. மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி, வலிக்கிற காலை நேராக ஓரடி தூக்கி மெல்ல இறக்குங்கள், 10 தடவை மூன்று சுற்று. ஒருக்களித்துப் படுத்து மேல்காலைப் பக்கவாட்டில் தூக்குவதும் அதே கணக்கு.

ஒரு வாரம் வலி கூடாமல் இது போனால் வாசல்படிக்கு வாருங்கள். 15 சென்டிமீட்டர் உயரப் படியில் நின்று, நல்ல காலை மூன்று நொடியில் மெல்லக் கீழே இறக்கி மறுபடி ஏறுங்கள். முட்டி உள்பக்கம் சாயாமல் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்க வேண்டும். இங்கேதான் பலருக்கும் தப்பு நடக்கும், கண்ணாடி முன் செய்யுங்கள். வலிக்கு 10க்கு எத்தனை என்று மார்க் போடுங்கள். 3 வரை பரவாயில்லை. மறுநாள் காலையிலும் கூடுதலாக இருந்தால் செய்தது அதிகம்.

படி 7: மறுபடி ரோட்டுக்கு

பெடல் முழுச் சுற்று வர முட்டி சுமார் 110 டிகிரி மடங்க வேண்டும். சாதா சைக்கிளை ஸ்டாண்டு போட்டால் பின்சக்கரம் தூக்கி நிற்கும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் ஹேண்டிலைப் பிடித்திருக்க, சும்மா சுற்றிப் பாருங்கள். முழுச் சுற்று வராவிட்டால் முன்னும் பின்னும் அரைச் சுற்று ஆட்டினால் போதும், சில நாளில் வரும்.

முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், 10 நிமிடம், விடியலில். வெயில் ஏற ஏறக் கடல்காற்று எழும்பிவிடும். இரண்டாம் வாரம் 15, மூன்றாம் வாரம் 20 நிமிடம். நேரம், வேகம், காற்று மூன்றில் ஒரு வாரத்துக்கு ஒன்றைத்தான் கூட்டலாம்.

தூரம் போகத் தொடங்கும்போது திசையைக் காற்றிடம் கேளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கும் தென்மேற்குமாக வீசும் கச்சான் காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் ரோட்டில் போனால் போகும்போது தள்ளிவிடும், திரும்பும்போது களைத்த முட்டியோடு எதிர்காற்று. அந்தக் காலத்தில் கீழக்கரைப் பக்கம் போங்கள், எதிர்காற்று முதலிலேயே முடிந்துவிடும். வடகிழக்குக் காற்று வீசும் வாடைக் காலத்தில் வடக்கே தேவிபட்டினம் பக்கம். பாம்பன் ரோட்டுப் பாலம் நடுவில் உயர்கிறது, மேலே குறுக்குக் காற்று வேறு. தனுஷ்கோடி ரோட்டில் அரிச்சல்முனை வரை ஒதுங்க நிழல் இல்லை, ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும். இரண்டையும் 40 நிமிடம் வலியில்லாமல் ஓட்டும்வரை தள்ளிவையுங்கள்.

வலி திரும்பினால் ஒரு வாரம் பின்னால் போய், அந்த அளவிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன் சீட் கம்பியில் நகப்பூச்சுக் கோடு போட்ட இடத்திலேயே இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.