பர்மிய மொழியையும் ஒரோமோவையும் ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

இரண்டு மொழிகளை ஒப்பிடச் சொன்னால் நம்மில் பலர் முதலில் கட்டம் போடுவோம். குடும்பம், எழுத்து, வாக்கிய அமைப்பு என்று வரிசையாக நிரப்புவோம். பர்மியம் சீன-திபெத்தியக் குடும்பம். எத்தியோப்பியாவிலும் கென்யாவின் வடபகுதியிலும் பேசப்படும் ஒரோமோ, ஆப்ரோ-ஆசியக் குடும்பத்தின் குஷிட்டிக் கிளை. இதுவரை தகராறு இல்லை. வாக்கிய அமைப்புக்கு வந்ததும் இரண்டிலும் வினை கடைசியில் நிற்கும். உடனே "அட, ஒரே மாதிரி!" என்று எழுதிவிடுவோம். தமிழிலும் ஜப்பானியத்திலும் கூட வினை கடைசியில்தான் வருகிறது. அதனால் அந்த ஒற்றுமைக்குப் பெரிய மதிப்பு இல்லை.

வினையின் உள்ளே போனால் கதை வேறு. 'போகிறான்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பர்மியத்தில் 'த்வா-தெ'. நேற்றே போய்விட்டான் என்றாலும் அதே 'த்வா-தெ' போதும். இனிமேல்தான் போவான் என்றால் ஈறு மாறி 'த்வா-மெ' ஆகும். ஒரோமோவில் 'டேமெ' என்றால் போனான். 'டேம' என்றால் போகிறான், போவான் இரண்டும். நம்முடைய நிகழ்காலம் பர்மியத்தில் இறந்தகாலத்தோடு ஒட்டிக்கொள்கிறது, ஒரோமோவில் எதிர்காலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்று மூன்று பத்தி போட்டு இரண்டையும் அதில் திணித்தால், இரண்டு மொழிகளைப் பற்றியும் தவறாகச் சொன்னதாகிவிடும். எதிர்மறையில் இது இன்னும் குழம்பும். பர்மிய 'ம-த்வா-பூ' போகவில்லை, போவதில்லை, போகமாட்டான் மூன்றுக்கும் ஆகும். ஒரோமோவில் 'ஹின் டேம்னெ' இறந்தகாலத்துக்கு மட்டும். ஆனால் நான், நீ, அவள், அவர்கள் எல்லோருக்கும் அது ஒன்றுதான், நம் 'போகவில்லை' மாதிரி.

அடுத்தது எழுத்து. வட்ட வட்டமான பர்மிய எழுத்தைப் பார்த்துக் கடினம் என்றும், ரோமன் எழுத்தில் இருக்கும் ஒரோமோவைப் பார்த்து எளிது என்றும் தீர்ப்புச் சொல்பவர்கள் நிறைய. ஒரோமோவின் ரோமன் எழுத்துமுறைக்குக் குபே என்று பெயர். அதில் எக்ஸ் என்ற எழுத்து 'க்ஸ்' அல்ல. தொண்டையை அடைத்து வெடிப்பாகச் சொல்லும் ஒரு 'ட்'. எத்தியோப்பியர்கள் இஞ்செரா என்ற தோசை மாதிரி அப்பம் சுடும் டெஃப் தானியத்தை எக்ஸில் தொடங்கித்தான் எழுதுவார்கள். அதை 'க்ஸாஃபீ' என்று வாசித்தால் அங்கே ஒருவருக்கும் புரியாது. டியும் ஹெச்சும் சேர்ந்து வந்தால் நாம் இந்தியில் கேட்கும் 'த' அல்ல, மூச்சை உள்ளிழுத்துச் சொல்லும் 'ட'. இரட்டை எழுத்துகளைத் தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்துவது இன்னும் மோசம். 'லஃப' என்றால் நிலம், 'லாஃபா' என்றால் மென்மை. பல், பால் என்று பேசும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ரோமன் எழுத்து என்றதும் ஆங்கிலேயர் விட்டுப்போனது என்று எழுதுவதும் உண்டு. அது தவறு. ஒனேசிமோஸ் நெசிப் மொழிபெயர்த்து 1899-இல் வெளிவந்த ஒரோமோ விவிலியம், எத்தியோப்பியாவின் பழைய எழுத்தான கீஸில்தான் அச்சானது. கீஸில் மெய் இரட்டிப்பதையும் உயிரின் நீளத்தையும் சரியாகக் காட்ட முடியாது. குபேயில் முடியும். அதை ஒரோமோக்களே 1991 நவம்பர் 3-ஆம் தேதி முறைப்படி ஏற்றுக்கொண்டார்கள்.

பர்மியத்தில் சிக்கல் தலைகீழ். அங்கே எழுத்து பழைய ஒலிப்பைப் பிடித்துவைத்திருக்கிறது, பேச்சு எங்கேயோ போய்விட்டது. 'ரன்-குன்' என்று எழுதுவார்கள், யாங்கோனில் 'யான்-கோன்' என்பார்கள். ரங்கூன் என்று 'ர' போட்டுப் பழகிய நம் தாத்தாக்கள் எழுத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள். சென்னைக் கடற்கரைப் பக்கம் பர்மா அகதிகள் கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் உணவின் பெயர் இன்னும் நல்ல உதாரணம். எழுத்துக்கூட்டினால் 'அ-ஸு-ப்'. பேச்சில் ஸ, 'த'வாகிறது, கடைசி ப் தொண்டையில் சட்டென்று அடைபட்டு நிற்கிறது. அந்த அடைப்பு நம் காதில் விழவில்லை, அத்தோ என்று இழுத்துவிட்டோம். பர்மிய எழுத்தை எழுத்துக்கு எழுத்து பெயர்த்து வைத்துக்கொண்டு ஒலியை ஒப்பிடுபவர்களும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள்.

அந்த அடைப்பும் ஒரு தொனிதான். பர்மியத் தொனி என்றால் ராகம் மாதிரி ஏற்ற இறக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 'லா' என்று தாழ்த்தி நீட்டினால் வா. உயர்த்தி இழுத்தால் கோவேறு கழுதை. தொண்டையை இறுக்கிக் குறுக்கினால் நிலா. ஒரோமோவில் இந்த வேலையை உயிரின் நீளமும் மெய்யின் இரட்டிப்பும் செய்கின்றன.

கணினியில் ஒப்பிடுபவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. பர்மியத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவது கட்டாயமில்லை, அதனால் இடைவெளியை வைத்துச் சொற்களை எண்ணாதீர்கள். பழைய உரைகள் பல, யூனிகோடோடு ஒத்துப்போகாத ஸாவ்ஜி என்ற எழுத்துருக் குறியீட்டு முறையில் இருக்கும். மியான்மர் அரசு யூனிகோடுக்கு மாறியதே 2019 அக்டோபரில்தான்.

'பர்மியத்தில் பால் வேறுபாடு இல்லை, ஒரோமோவில் உண்டு' என்று ஒரே வரியில் முடிப்பதும் சரியல்ல. ஒரோமோவில் 'டுஃபெ' வந்தான், 'டுஃப்டெ' வந்தாள். ஆனால் 'நீ வந்தாய்' என்பதற்கும் 'டுஃப்டெ'தான். பர்மிய வினையில் பால் தெரியாது. ஆனால் பணிவாகப் பேசும்போது 'நான்' என்பதற்கு ஆண் 'ச்சனொ' என்பான், பெண் 'ச்சம' என்பாள்.

ஒற்றுமைதான் வேண்டும் என்றால் எண்களைப் பாருங்கள். 'மூன்று பேர்' என்பதற்கு ஒரோமோவில் 'நம ஸடீ', அதாவது மனிதன் மூன்று. பன்மை ஈறு இல்லை. பர்மியத்தில் 'லூ தோன் யவுக்'. இங்கும் ஆள் முன்னால், மூன்று பின்னால். கூடவே, மனிதரை எண்ணுவதற்கென்றே ஒரு 'யவுக்', ஏறக்குறைய நம் 'பேர்'.